பூநாரையை ஓட்டிவரப் போனவன்

ஒரு ஊருல முத்திருளன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்குக் கஞ்சிகூட வேணாம், பறவையைப் பாத்தாப் போதும். ஆனா சொந்த ஊர்க் கண்மாய்னா மட்டும் இளக்காரம். "இங்க என்ன இருக்கு, கொக்கும் நீர்க்கோழியும்"னு அசலூர்க் கண்மாயா சுத்துவான். அவன் பொண்டாட்டி பேச்சிதான் விடியுமுன்ன இந்தக் கண்மாய்க்குத் தண்ணிக்குப் போவா.

அந்தக் கண்மாய் மேல மந்திரிக்கு ஒரு கண்ணு. மண்ணைக் கொட்டி மூடிட்டுத் தென்னந்தோப்பு போடணும்னு ஆசை. ராசாகிட்டப் போயிக் கேட்டான். ராசா யோசிச்சாரு. "ரோசா நெறப் பூநாரை இறங்குற தண்ணியை மூடக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லிருக்கா. வர்ற அமாவாசைக்கு நானே வர்றேன். பூநாரையைக் கண்ணால பாத்த ஆளு ஒருத்தர் இருந்தாக் கண்மாய் பொழைச்சுது. இல்லைன்னா மூடிக்க"ன்னுட்டாரு. கண்மாய் போனா வயக்காடு போச்சு, ஊரே போச்சு, அம்புட்டுத்தானே?

முத்திருளன் பூநாரை எங்க இருக்குன்னு ஊரெல்லாம் விசாரிக்க ஆரம்பிச்சான். அப்ப மந்திரி நைசா வந்து, "மேற்குக் கண்மாய்ல பூநாரை நிக்குது, எங்கண்ணால பாத்தேன். நீ போயி மெதுவா இந்தப் பக்கம் ஓட்டிட்டு வந்துரு"ன்னான். இவனும் வாத்து மேய்க்கிறவன் கணக்கா ஒரு கம்பை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்! சிரிக்காதீங்க, கேளுங்க. போனான், போனான், ஒண்ணையுங் காணோம். திரும்பி வந்தா பேச்சி சொல்றா, "ஏங்க, இன்னைக்கு நம்ம கண்மாய்ல ரோசாப்பூ நெறத்துல ஒரு பறவை நின்னுச்சு." "போடி, நம்ம கண்மாய்க்கா? கருக்கல்ல கொக்கைப் பாத்திருப்பே"ன்னான்.

அப்புறம் மந்திரி, "வடக்குக் கண்மாய்ல பாத்தேன்"னான். வடக்க ஓடினான், காணோம். திரும்பி வந்தா பேச்சி, "இன்னைக்கும் நின்னுச்சு, காலு எம்புட்டு நீளம்!" "போடி, நாரையா இருக்கும்." அப்புறம் மந்திரி, "தெக்க பாத்தேன்"னான். தெக்கயும் ஓடினான். உள்ளங்கால் கொப்புளிச்சதுதான் மிச்சம். பேச்சி மூணாந்தடவையும் சொன்னா, அவன் காலுக்கு எண்ணெயைத் தடவிக்கிட்டுப் படுத்துட்டான்.

அமாவாசையும் வந்துச்சு, ராசாவும் வந்தாரு. ஊரே கரையில கூடி நிக்குது. "யாருப்பா பாத்தது?"ன்னாரு. முத்திருளனுக்கு "நான் பாத்தேன்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, ஆனா பொய் சொல்ல மனசு வரல. "நான் பாக்கலை மகாராசா. அது இங்க வந்த மூணு நாளும் நான் அசலூர்ல இருந்தேன். எம் பொண்டாட்டி பாத்துச் சொன்னா, நாந்தான் நம்பலை"ன்னான். வெக்கம் அவனைப் பிடுங்கித் தின்னுச்சு.

ராசா பேச்சியைக் கூப்பிட்டு, "எப்படிம்மா மேஞ்சுச்சு?"ன்னாரு.

"தலையைத் தண்ணிக்குள்ள தலைகீழாக் கவுத்து, அலசி அலசி மேஞ்சுச்சு சாமி."

மந்திரி விழுந்து விழுந்து சிரிச்சான். "தலைகீழா மேயுற பறவை உலகத்துல உண்டா? பொய் சொல்றா மகாராசா!"

அப்பத்தான் முத்திருளனுக்கு, இவன் எதையும் பாக்காமத்தான் நம்மளை அலைய விட்டிருக்கான்னு மண்டையில உறைச்சுது. மெதுவாக் கேட்டான், "மந்திரி அய்யா, நீங்க மேக்க, வடக்க, தெக்கன்னு மூணு தடவை கண்ணால பாத்தேன்னீகளே, அப்ப அது எப்படி மேஞ்சுச்சு?"

"எப்படி மேயும்? கொக்கு மாதிரி குத்தித்தான்!"

ராசா மொகம் மாறிருச்சு. "நான் சின்ன வயசுல எங்க ஆத்தா கூடப் போயி பூநாரையைப் பாத்திருக்கேன். அது தலைகீழாத்தான்டா மேயும். பாக்காதது அவ இல்லை, நீ!"

அப்புறமென்ன? கண்மாய் பொழைச்சுது. மண்ணைக் கொட்டி மூட நெனச்ச மந்திரி, அதே கண்மாய்ல இறங்கி மூணு மாசம் கூடை கூடையா வண்டல் அள்ளிக் கரையில போட்டான்.

முத்திருளனா? மறுநாள்ல இருந்து பேச்சிக்கு முன்னாடியே எந்திரிச்சு சொந்த ஊர்க் கண்மாய்க் கரையில போயி உக்காந்துக்கிட்டான். பூநாரை அந்த வருசம் திரும்பி வரவே இல்லை. ஆனா அங்க வர்ற கொக்குலயே நாலு வகை இருக்குன்னு அவனுக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சாம்.

அவன் கரையில உக்காந்திருக்கட்டும், நாம பாயில படுத்துக்கிருவோம்.