சூசையின் வலது காது

எழுந்து நடக்க முடியாதவர்களுக்காக உப்பளத் தொழிலாளர் சங்கம் ஓர் இல்லம் நடத்தியது. மொத்தம் பதினாறு கட்டில்கள். பொறுப்பு முத்துராக்கு அம்மாளுடையது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றதற்காகத் துரத்தப்பட்டவர் அவர். பன்னிரண்டு வருடங்களில் அவர் கையில் ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை.

ஏழையின் முதுகு அழுகினால் அதற்கு விதி என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை அம்மாள் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

அவரிடம் வேலை பழக வந்தவர் ஞானதிரவியம். அம்மாளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பள்ளியில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் வந்த மூன்றாவது வாரம், அங்கே படுத்திருந்த சூசையின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. அம்மாள் விரலால் அழுத்தி எடுத்தார். ரத்தம் ஓடும் தோல் என்றால் ஒரு கணம் வெளுத்திருக்கும். இது வெளுக்கவில்லை; படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

சூசைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அளத்தில் உப்பு லாரி சாய்ந்ததில் போனது. “இப்படி ஒருத்தன் என்னிடம் வேலை பார்த்ததே இல்லை” என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டான். பத்து நாளில் தொழிலாளர் கோர்ட்டில் விசாரணை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றிருந்தார் சூசை. தோல் உடைந்தால் உட்கார முடியாது.

ஞானதிரவியத்தின் முகம் செத்துப்போயிருந்தது.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன் அம்மா. இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். ஒரு தடவைகூடத் தவறல.”

“தவறியிருக்காதுதான்.”

“அப்புறம் ஏன் வந்தது?”

அம்மாள் கட்டிலின் மறுபக்கம் போய்ச் சூசையின் வலது காதருகே குனிந்தார்.

“வாத்தியாரு போனதும் என்ன செய்வீரு?”

சூசை சிரித்தார். “இடது பக்கம் படுக்க வச்சா அப்படியே கிடப்பேன். வலது பக்கம் வச்சா, அவரு தலை மறைஞ்சதும் கட்டில் கம்பியைப் பிடிச்சு இழுத்து மல்லாந்துக்குவேன்.”

“ஏன்?”

“பம்பு இன்ஜின் பக்கத்துல பதினெட்டு வருஷம் நின்னேம்லா. இடது காது செத்துப்போச்சு. நல்ல காதும் தலையணையில புதைஞ்சிட்டா ஒண்ணும் கேக்காது. யாரு வாரா, என்ன பேசுதான்னு தெரியாது. குழிக்குள்ள கிடக்க மாதிரி இருக்கும்.”

“சொல்லியிருக்கலாமே,” என்றார் ஞானதிரவியம். “ஒவ்வொரு தடவையும் கேட்டேன் அம்மா. வசதியா இருக்கான்னு கேட்காம நான் போனதே இல்லை. அவரும் தலையை ஆட்டினார்.”

“எங்க நின்னு கேட்டீங்க அண்ணாச்சி?”

“முதுகுப் பக்கம்.”

“அவரு எந்தக் காதால கேட்டாரு?”



“கடைக்கண்ணால பாத்தா வாத்தியாரு உதடு அசையும்,” என்றார் சூசை. “ஏதோ கேக்காரு, ஆமான்னு சொன்னாத்தான் விடுவாருன்னு ஆட்டுவேன். பள்ளிக்கூடத்துலயும் நான் அப்படித்தான்.”

அம்மாள் ஞானதிரவியத்தை எதிரே நிறுத்தினார். “இழுக்காதீங்க. தூக்குங்க.” சிவந்த இடம் மெத்தையில் படாமல், வலது பக்கமாகப் பாதி மட்டும் சாய்த்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு இன்னொன்று. வலது காது வெளியே இருந்தது.

“கேக்குதா?”

“கேக்குது. வாத்தியாருக்கு மூச்சு வாங்குறதும் கேக்குது.”

அன்றிலிருந்து சூசை கம்பியைப் பிடிக்கவில்லை. நான்காம் நாள் சிவப்பு மங்கியது. எட்டாம் நாள் போய்விட்டது.

கோர்ட்டில் சூசை நாற்காலியில் உட்கார்ந்தார். கால் மணிக்கு ஒருமுறை ஞானதிரவியம் அவரது வலது காதருகே குனிந்து நேரமாச்சு என்றார். தோல் அழுந்தாமல் இருக்கச் சூசை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, சற்றுப் பொறுத்து இறக்கினார். அதைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் ஒருமுறை சிரித்தார். அந்த அளத்தில் மொத்தம் எத்தனை பாத்தி, எந்தப் பாத்தியில் வரப்பு உடையும், உடைந்தால் முதலாளி யாரை ஏசுவான் என்று சூசை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் திரும்பியதும் அம்மாள் சூசையின் தோலைப் பார்த்தார். எங்கும் சிவப்பில்லை.

ஞானதிரவியத்துக்கு மனம் நிறைந்துவிட்டது.

“புரிஞ்சுது அம்மா. இனிமே எல்லாரையும் இப்படிப் பாதி சாய்ச்சே படுக்க வச்சிடுறேன். அடுத்த கட்டில் வேலம்மாவுக்கும் இதேதானே?”

“அதை ஏன் என்கிட்ட கேக்கிறீங்க அண்ணாச்சி? வேலம்மா முழிச்சுத்தான் இருக்காங்க.”