ஆட்டின் ஈரலுக்குப் பொறுமை போன கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, அவற்றின் வயிற்றுக்குள் கிடந்த உறுப்புகளும் பேசின. அதிலும் சுட்டி என்ற வெள்ளாட்டின் ஈரல் பேச ஆரம்பித்தால் ஓயாது. அது புலம்பியதற்குக் காரணமும் இருந்தது.

அப்போதெல்லாம் ஆடு ஒரு செடியில் வாய் வைத்தால் தூர் தெரியும்வரை நகராது. பாதியில் விட்டுப் போவது கேவலம் என்பது சுட்டியின் எண்ணம். ஓடைக்கரையில் எருக்கு புதர் புதராக நின்றது. மாடுகள் அதை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். போட்டிக்கு ஆளில்லாத தீனியை விட்டுவிடச் சுட்டிக்கு மனம் வருமா? சினையாக வேறு இருந்தாள். விடிந்தால் எருக்கு, பொழுதடைந்தால் எருக்கு.

ஓடி ஒளியக் காலில்லாத செடி, இலைக்குள் நஞ்சை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. அந்த நஞ்சு குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி நேரே ஈரலிடம் வந்து நிற்கும். அதைப் பிடித்து, உடைத்து, கரையும்படி ஆக்கி, மூத்திரத்தோடும் பித்தத்தோடும் வெளியே தள்ளுவது ஈரலின் பாடு. எருக்குக்கு ஒரு கை, வேம்புக்கு ஒரு கை, ஊமத்தைக்கு ஒரு கை என்று அது தனித்தனியாக வைத்திருந்தது. சுட்டி எருக்கையே தின்றதில் எருக்கின் கை ஒடிந்தது. மற்றக் கைகள் ஈ ஓட்டின.

"ஏட்டி சுட்டி, போதும் நிறுத்து. காலையில தின்னதே இன்னும் உடைபடாமக் கெடக்கு."

"இன்னும் கொஞ்சந்தாங்க்கா. இந்தப் புதர முடிச்சிட்டு வந்திருதேன்."

"நேத்தும் இதத்தான சொன்ன? அந்தா வேம்பு நிக்கி, ஊமத்த நிக்கி. அதுல ஒரு வாய், இதுல ஒரு வாய்னு தின்னா எனக்கு எல்லாக் கையும் ஓடும்லா?"

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நான் செடி செடியா அலையணுமாக்கும்?"

ஈரலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைக்காகத்தானே அது கிடந்து அடித்துக்கொள்கிறது! உடைபடாத நஞ்சு ரத்தத்தோடு குட்டிக்குப் போய்விடும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கொப்பு உள்ளே வந்து விழும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் உச்சி வெயிலில் சுட்டிக்குக் கால் பின்னியது. வாயில் நுரை தள்ளியது. புதரடியிலேயே பொத்தென்று விழுந்தாள்.

"யக்கா," என்றாள் மெல்ல. "புள்ள அசையலியே."

எந்நேரமும் உதைத்துக்கொண்டிருந்த குட்டி சத்தமில்லாமல் கிடந்தது. ஈரலுக்குக் குலை நடுங்கியது. திட்டக்கூட நேரமில்லை. ஒடிந்த கையை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை நஞ்சை உடைத்து உடைத்துத் தள்ளியது. வெயில் தாழ்ந்த பிறகு குட்டி லேசாக ஓர் உதை விட்டது. சுட்டி அழுதாள். ஈரலும் அழுதது.

இனியாவது புத்தி வரும் என்று ஈரல் நம்பியது. எழுந்து நின்ற சுட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். மெதுவாகக் கழுத்தை நீட்டி எருக்கிலேயே வாய் வைத்தாள்.

"ஒரே ஒரு கொப்புக்கா. புதரு பாதியில நிக்கில்லா."

அவ்வளவுதான். ஈரல் தன்மேல் ஒட்டியிருந்த பித்தப்பையைப் பிடித்து ஒரே பிழியாகப் பிழிந்தது. அந்தக் கசப்பு சுட்டியின் நாக்கு வரை ஏறி ஊறிவிட்டது.

"இனிமே எந்த எலையும் ஒனக்கு மொத வாய் ருசிக்கும், அடுத்தது சப்புனு இருக்கும், அதுக்கு மேல கசக்கும். கசந்தா நகரு. ஒங்கிட்டப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்."

சுட்டி எருக்கைத் துப்பினாள். வேம்புக்குப் போனாள், மூன்றாவது வாயில் அதுவும் கசந்தது. ஊமத்தைக்குப் போனாள். அப்படி நகர்ந்து நகர்ந்தே வயிறு நிறைந்தது. எருக்கின் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. கொஞ்ச நாளில் குட்டி பிறந்து, தள்ளாடி எழுந்து, ஒரு தளிரைக் கிள்ளிவிட்டு அடுத்த செடிக்குத் தாவியது. சுட்டி ஆசையாக, "யக்கா, பாத்தியா?" என்றாள். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

அன்று முதல்தான் ஆடு எந்தச் செடியிலும் நுனியைக் கிள்ளிவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரைகுறையாகப் படிப்பவனைப் பார்த்து நுனிப்புல் மேய்கிறான் என்று மனிதர்கள் கேலி பேசும்போது, அவர்கள் வயிற்றுக்குள் இருக்கும் ஈரலுக்கு எவ்வளவோ சொல்ல வரும். ஆனால் சுட்டியின் ஈரலைப் போலவே அதுவும் அன்று முதல் வாய் திறப்பதில்லை.