செம்பிக் கீரியும் கடம்ப மரத்துக் கரிச்சானும்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் செம்பி என்றொரு கீரி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அது உடனே தலையாட்டாது. ஒருமுறை தானே சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பும்.

அந்தக் காட்டில் யாராவது எல்லாருக்கும் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் பெரிய ஆலமரத்துக்குப் போவது வழக்கம். அங்கே கூட்டம் கூட்டமாக மைனாக்கள் இருந்தன. கேட்ட சேதியைக் காடு முழுக்கக் கத்திச் சொல்வது அவற்றின் வேலை. ஆலமரம் பிடிக்காத விலங்குகள் புளியந்தோப்புக் கிளிகளைத் தேடிப் போகும். பழம் கொண்டு வந்தால் கிளிகள் உரக்கச் சொல்லும். வெறுங்கையோடு வந்தால் முணுமுணுக்கும்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கரிச்சான் குருவி வந்து ஆற்றோரக் கடம்ப மரத்தில் அமர்ந்தது.

"ஒரே மூச்சில் சொல்லக்கூடியதை என்னிடம் சொல்லுங்கள்! சொன்னதைச் சொன்னபடி, உங்கள் குரலிலேயே காட்டுக்குச் சொல்கிறேன்!" என்று அது கூவியது.

ஆலமரத்தில் ஒரே சிரிப்பு. மைனாக்களின் தலைவி மஞ்சள்மூக்கி கிளை நுனிக்கு வந்து, "ஒரே மூச்சில் என்னத்தைச் சொல்ல? வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுமே! அங்கே கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஓர் ஆமை, இரண்டு முயல். இங்கே பாருங்கள், காடே கூடியிருக்கிறது!" என்றது.

"சிரித்து என்ன பயன்? சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றது செம்பி.

கிளிகளுக்கு ஒரே ஒரு பழத்தை மட்டும் கொடுத்து, அது ஒரே சேதியை மூன்று இடத்திலும் சொன்னது: "ஓடைக்கரை நாவல் பழுத்திருக்கிறது. கீழ்க்கிளை விரிசல் விட்டிருக்கிறது, ஏறாதீர்கள்."

பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கக் காட்டைச் சுற்றி வந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு விளாங்காய் அதன் காதை உரசிக்கொண்டு பறந்தது. மேலே குரங்குக் கூட்டம்!

"கிளையை முறித்தது நாங்கள்தான் என்று சொன்னாயாமே?" என்று ஒரு கடுவன் குரங்கு பல்லைக் காட்டியது.

"நானா? யார் சொன்னது?"

"ஆலமரத்தில்தான் கேட்டோம்! காடே பேசிக்கொண்டிருக்கிறது!"

இன்னொரு விளாங்காய் வந்தது. செம்பி ஒரே ஓட்டமாகப் புளியந்தோப்புக்கு ஓடியது. அங்கே ஒரு கரடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தது.

"நாவல் பழுத்திருக்கிறது என்று கிளிகள் சொல்லின. போய் ஏறினேன், கிளையோடு விழுந்தேன்" என்று முனகியது கரடி.

"ஏறாதே என்று சொல்லவில்லையா?"

"அதற்கு அப்புறம் ஏதோ முணுமுணுத்தன. எனக்குக் கேட்கவில்லை."

செம்பி பெருமூச்சு விட்டபடி ஆற்றோரம் வந்தது. திடீரென்று கடம்ப மரத்திலிருந்து தன் குரலே கேட்டதும் திடுக்கிட்டு நின்றது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. மரத்தடியில் முயல்கள், "அப்படியானால் ஏற வேண்டாம், உதிர்ந்ததைப் பொறுக்குவோம்" என்று பேசிக்கொண்டு கிளம்பின.

"வேலை சுத்தமாக இருக்கிறது, தம்பி. கேட்பவர்கள்தான் குறைவு" என்றது செம்பி.

"ஆமாம் அக்கா, இப்போதைக்குக் குறைவுதான்" என்றது கரிச்சான். அதன் குரலில் வருத்தமே இல்லை.

சில நாட்கள் சென்றன. ஆற்றில் நீர் வற்றத் தொடங்கியது. ஒரு மாலை நேரம் செம்பி மான்துறைப் பக்கம் போனபோது, சேற்றோரம் ஒரு மரக்கட்டை கிடப்பதைக் கண்டது. கட்டை கண் சிமிட்டியது. முதலை! மான்கள் தண்ணீர் குடிக்க வருகிற நேரம் அது.

உயிர் விஷயம் அல்லவா? செம்பி வழியிலிருந்த ஆலமரத்தில் சொல்லிவிட்டு, கடம்ப மரத்துக்கும் ஓடியது.

"மான்துறையில் முதலை கிடக்கிறது. மேல்மடுவில் தண்ணீர் குடியுங்கள்" என்றது. கரிச்சான் அதை வாங்கிக்கொண்டு சிறகடித்துப் பறந்தது.

அதற்குள் மைனாக்கள் கத்தத் தொடங்கிவிட்டன. "மான்துறையில் கீரிக்கும் முதலைக்கும் சண்டை! வாருங்கள், வந்து பாருங்கள்!"

புதர்களுக்கிடையே வந்துகொண்டிருந்த மான்கள் அதைக் கேட்டதும் வேடிக்கை பார்க்கத் துறையை நோக்கி ஓடின. முன்னால் ஓடிய தலைவி மான் ஈரச் சேற்றில் கால் வைத்தது. அந்த நொடியில் தலைக்கு மேலே செம்பியின் குரல் கேட்டது.

"மான்துறையில் முதலை கிடக்கிறது. மேல்மடுவில் தண்ணீர் குடியுங்கள்."

தலைவி மான் காதை நிமிர்த்தியது. "இது செம்பியின் குரல்! முதலையோடு சண்டை போடுகிறவளுக்கு மூச்சு வாங்காதா? இவள் நிதானமாகப் பேசுகிறாளே! நில்லுங்கள்!" என்று கத்தியபடி பின்னால் துள்ளியது.

மரக்கட்டை வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. மானுக்குப் பதில் ஒரு வாய் சேறுதான் அதற்குக் கிடைத்தது. மான்கள் மேல்மடுவுக்குத் திரும்பி ஓடின.

மறுநாள் காலை கடம்ப மரத்தடியில் நிற்க இடமில்லை. மான்கள் வந்தன, கரடி வந்தது, குரங்குகளும் கொஞ்சம் வெட்கத்தோடு வந்தன. மஞ்சள்மூக்கி படபடவென்று பறந்து வந்தது.

"எல்லாரும் ஏன் இங்கே வந்தீர்கள்? முதலை இருப்பதை முதலில் சொன்னது நாங்கள்தானே!"

தலைவி மான் நிமிர்ந்து பார்த்தது. "ஆமாம், முதலில் சொன்னது நீங்கள்தான். அதைக் கேட்டுத்தான் முதலையின் வாய்வரை ஓடினோம்" என்றது.

மஞ்சள்மூக்கி வந்த வேகத்திலேயே ஆலமரத்துக்குத் திரும்பிப் பறந்தது.

நீதி: கூட்டம் பெரியது என்பதற்காக ஒருவர் சொல்வதை நம்பாதே, சொன்னதைச் சொன்னபடி சொல்பவரைச் சோதித்து அறிந்து நம்பு.