தமிழ் பேசிய போன்

"டீச்சர், உடைச்சிட்டேன்!"

மூச்சிரைக்க மாடியேறி வந்து வாசலிலேயே கத்தினார் வைத்தியலிங்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கீழே வரிசையாகச் செல்போன் கடைகள். மாடியில், போன் மென்பொருள் சொல்லிக்கொடுக்கும் நசீமாவின் அறை. அவர் மகள் வயசுதான் அவளுக்கு. அதனால் என்ன, குரு குருதானே!

"எதை சார் உடைச்சீங்க?"

"என் சம்சாரம் போன்ல கம்பெனிக்காரன் போட்ட பூட்டை! இப்ப அது தமிழ் பேசுது டீச்சர்!"

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் படாத பாடு பட்டிருந்தார். அவர் மனைவி சாரதாவுக்குப் பார்வை போய்விட்டது. அவள் போனோ இங்கிலீஷை மட்டும்தான் வாசித்துக் காட்டும். தமிழ்க் குரலைச் சேர்க்கலாமென்றால் கம்பெனி விடவில்லை. அக்கா எழுதும் ரகசியத்தைக்கூடப் புருஷன்தான் படித்துச் சொல்ல வேண்டும். சாரதாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்காகத்தான் இந்த வயசில் படிக்க வந்தார். பழகுகிறேன் பேர்வழி என்று அவர் சாகடித்த பழைய போன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"காலைல அவ அக்கா மெசேஜை அதுவே வாசிக்க ஆரம்பிச்சுது. நான் பக்கத்துல நிக்கறேன். 'கொஞ்சம் வெளியே போங்க'ங்கறா டீச்சர்!"

சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வழிகிறது.

"மாஷா அல்லாஹ்! கலக்கிட்டீங்க சார்!" நசீமா துள்ளி எழுந்து தன் பழைய போனை நீட்டினாள். "இதுலயும் போடுங்க, பாக்கலாம்."

வைத்தியலிங்கம் உற்சாகமாக வேலையில் இறங்கினார். நடுவில் ஓர் இடம் வந்ததும் இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு எதையோ தட்டினார்.

"அது என்ன சார்?"

"பாஸ்வேர்டு. அது இல்லாம யாரும் போட முடியாது. கீழே கடைக்காரங்க எல்லாரும் அப்படித்தானே வச்சிருக்காங்க? இல்லேன்னா பக்கத்துக் கடைக்காரன் சுட்டுடுவானே! நான் முட்டி மோதிச் செஞ்சதாச்சே டீச்சர்."

நசீமா, திரையை மறைத்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன் அடித்தது. சாரதா. நசீமா எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏங்க, கண்ணாஸ்பத்திரியில பழக்கமான மேரி வந்திருக்கா. பாவம், குவைத்துல இருக்கற பொண்ணு எழுதறதை அவளும் வீட்டுக்காரரைக் கெஞ்சித்தான் கேக்கறா. என் போன்ல இருந்த உங்க தமிழ்க் குரல் ஃபைலை அவ போன்ல போட்டுப் பாத்தாரு அவ வீட்டுக்காரர். பாஸ்வேர்டு கேக்குதாம்."

"அது... நான் வந்து போட்டுத் தரேன்."

"ஏன், சொன்னா என்னவாம்?"

"அதெல்லாம் வெளியே சொல்றதுக்கில்ல சாரதா. நாம கஷ்டப்பட்டு..."

அந்தப் பக்கம் சாரதா சிரிப்பது கேட்டது.

"மேரி, கேட்டியாடி? இவரும் கம்பெனி ஆரம்பிச்சிட்டாரு!"

போன் வைக்கப்பட்டது.

வைத்தியலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

நசீமா மேஜை மேலிருந்த கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பூட்டு உடைக்கத்தானே சார் எங்கிட்ட வந்தீங்க?"