பூஜையில் வைத்த பாக்கெட்டுகள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் செண்பகவல்லி. என் இரண்டாவது மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலையில் சொன்னாள். கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

"தாயே, பிரிக்கவா? வேண்டாமா?"

தில்லைநாயகம் என்ற பெரியவர் மடத்துக்குள் வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார். கும்பிடக்கூட இல்லை.

குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில், ஓடு போட்ட ஒரு சின்ன மடம். அங்கே சொர்ணத்தம்மை என்று ஒருவர் இருந்தார். வயதில் தில்லைநாயகத்தைவிட இளையவர். இருந்தாலும் இவர் அவரைத் "தாயே" என்றுதான் கூப்பிடுவார். அம்மைக்கோ எல்லாரும் "நீ"தான். தாசில்தார் வந்தாலும் "நீ"தான்.

அம்மை முறத்தை முன்னால் வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதைப் பிரிக்க?"

தில்லைநாயகம் துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பட்டுத்துணி. பட்டுத்துணிக்குள் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் ஐந்து பபிள்கம் பாக்கெட்டுகள்.

சாயம் வெளுத்த பாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் மட்டையை ஓங்கி நிற்கும் ஓர் ஆட்டக்காரனின் படம். அவன் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

மடத்தில் சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் கோமதி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணே, பிள்ளைங்க மெல்லுற மிட்டாயி. இதைப் பிரிக்கவா உபதேசம் கேட்டு வந்தீங்க? என்கிட்டே குடுத்தா பல்லாலேயே பிரிச்சுத் தருவேனே!"

"கையை எடும்மா!"

அவர் போட்ட சத்தத்தில் கோமதி இரண்டடி பின்னால் போனாள்.

"மிட்டாய் இல்லை. உள்ளே கிரிக்கெட் அட்டை இருக்கு. உலகக்கோப்பை வரப்போகுதுன்னு ஊரே பேசிக்கிட்டிருந்த வருஷம் வாங்கினது. ஒரு பபிள்கம், கூடவே சில அட்டை. யார் படம் உள்ளே இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். இப்போ பிரிக்காத பாக்கெட்டு எங்கே தேடினாலும் கிடைக்காது, தாயே. சேலத்துக்காரர் ஒருத்தர் நான் சொல்ற விலைக்கு எடுத்துக்கிறேங்கிறார். பிரிச்சுட்டா அவ்வளவுதான். வெறும் காகிதம்."

"அப்போ அவருக்கே கொடுத்துடு."

"எப்படித் தாயே? மகன் கேட்டிருக்கான்."

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

அவர் மகன் திருமுருகன் கதை மடத்தில் எல்லாருக்கும் தெரியும். கரூரில் ஜவுளிக் கம்பெனி ஒன்றில் வேலை. மனதுக்குப் பிடித்த பெண்ணைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா "பார்க்கலாம்" என்றார். அடுத்த வருஷமும் "பார்க்கலாம்" என்றார். அதற்கடுத்த வருஷம் அவன் கேட்கவில்லை. கோயிலில் வைத்து அவனே தாலி கட்டிக்கொண்டான். அன்றோடு பேச்சு நின்றது. பேரன் பிறந்த சேதி வந்தது. அதற்கும் தில்லைநாயகம் போகவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. போகலாம், போகலாம் என்றே இருந்துவிட்டார்.

"என்ன கேட்டான்?"

"அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கான். 'அப்பாகிட்டே எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்தப் பபிள்கம் பாக்கெட்டு இன்னும் இருந்தா குடுத்துவிடச் சொல்லு, என் பையன் கேக்குறான்'னு. இத்தனை வருஷத்தில் அவன் கேட்டது இது ஒண்ணுதான். இல்லைன்னு சொன்னா அடுத்த போன் வராது, தாயே. எனக்குத் தெரியும்."

"குடுத்துட்டா?"

"அந்தக் குழந்தை ஒரு நிமிஷத்தில் கிழிச்சுப் போட்டுடும். இத்தனை நாள் கண்ணா காப்பாத்தினது... ஒண்ணு ரெண்டை மட்டும் நானே பிரிச்சு அட்டையை அனுப்பட்டுமா? இல்லே, பிரிக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுக் குடுக்கட்டுமா? ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

அம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணைக் கொடு."

தில்லைநாயகம் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அம்மை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதாவது நல்ல வாக்குச் சொல்வார் என்று நினைத்தார்.

அம்மை அதைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

சர்ரென்று கிழிந்தது.

தில்லைநாயகம் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாயே!"

"பிரிக்கவா வேண்டாமான்னு நீதானே கேட்டே?"

"கேட்டேன்! பிரிங்கன்னு நான் சொல்லலையே!"

அம்மை கிழிந்த பாக்கெட்டை முறத்தின் மேல் கவிழ்த்தார்.

முதலில் கொஞ்சம் தூள் விழுந்தது. பழுப்பாக, மண் மாதிரி. அதுதான் பபிள்கம்.

பிறகு டொக்கென்று ஒரு கட்டி விழுந்தது.

அட்டைகள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓரமெல்லாம் கறுத்து, ஒரே சில்லாக இறுகிப்போயிருந்தன.

தில்லைநாயகம் அதைக் கையில் எடுத்தார். நகத்தைக் கொடுத்து மேல் அட்டையை மெல்ல நெம்பினார். அட்டை வந்தது. அதில் முகம் வரவில்லை. ஆட்டக்காரனின் முகம் உரிந்து அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது... இந்த ஒண்ணு மட்டும் ஏதோ இப்படி ஆயிருக்கு."



அடுத்த பாக்கெட்டை அவரே கிழித்தார். சேலத்துக்காரர் நினைவுக்கே வரவில்லை. தூள். கட்டி.

இன்னொன்றைக் கிழித்தார். தூள். கட்டி.

நான்காவதில் கை வைத்தவர் அப்படியே முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கோமதிதான் மெதுவாகச் சொன்னாள். "ஈரம் பட்டிருக்குண்ணே."

"எங்கேயிருந்தும்மா ஈரம் படும்? வீடு ஒழுகினப்போகூட முதல்ல இதைத்தான் தூக்கி வச்சேன். ஒரு சொட்டு மழைத்தண்ணி படவிட்டதில்லை. பூஜை அலமாரியில், சாமி படத்துக்குக் கீழேயே இருக்கும். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோட எடுத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, தீர்த்தம் தெளிச்சு..."



சொல்லும்போதே அவருடைய வலது கை தானாக உயர்ந்திருந்தது. விரல்கள் ஐந்தும் தெளிக்கிற மாதிரியே விரிந்திருந்தன. தில்லைநாயகம் அந்த விரல்களைப் பார்த்தார். யாரோ ஒருத்தர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நானா?" என்றார்.

அம்மை வெண்டைக்காய் மேல் விழுந்த தூளை ஊதிவிட்டார்.

"முதல்முதல்ல இதைப் பூஜையில் வச்சது யாரு?"

"நான்தான் தாயே. வாங்கிக் கொடுத்த அன்னைக்குச் சரஸ்வதி பூஜை. பொரி வாங்கப் போன இடத்தில் பையன் இதைக் கேட்டான். வாங்கினதும் கடை வாசல்லயே கிழிக்கப் பார்த்தான். ஆபீஸில் ஒருத்தர் சொல்லியிருந்தார், வெளிநாட்டில் இதையெல்லாம் பிரிக்காம வச்சிருந்தா பின்னால பெரிய மதிப்புன்னு. நான் பிடுங்கி வச்சுக்கிட்டேன். பையன் தெருவில் புரண்டு அழுதான். என்ன பண்றது? வீட்டுக்கு வந்து புத்தகத்தோட இதையும் பூஜையில் வச்சுட்டேன். பூஜையில் வச்சதைத் தொடக்கூடாதுப்பா, நாளைக்குப் பிரிச்சுக்கலாம்னு சொன்னேன். உடனே அழுகையை நிறுத்திட்டான். நல்ல பிள்ளை. சொன்னாக் கேட்டுக்குவான்."

"பூஜையில் வச்ச புத்தகத்தை மறுநாள் என்ன செய்யணும்?"

இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"மறுநாள் விஜயதசமி. எடுத்துப் படிக்கணும். ஒரு வரியாவது படிக்கணும்."

"எடுத்தியா?"

"எடுத்தேனே. பையனுக்கும் எடுத்துக் கொடுத்தேன்."

"இதை?"

தில்லைநாயகம் கிழியாமல் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்தார்.

அந்தக் காலை அப்படியே அவர் கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத காலை. யாரும் எழுப்பாமல் எழுந்து, தானே குளித்து, ஈரத்தலையோடு, நெற்றி நிறைய விபூதி பூசி, பூஜை அலமாரி முன்னால் கை கட்டி நிற்கிற பிள்ளை. "அப்பா, நாளைக்கு ஆயிருச்சுப்பா" என்கிறான். கோயிலுக்குப் போயிட்டு வா என்கிறார் இவர். சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்குப் பார்க்கலாம் என்கிறார்.

"அப்புறம் அவன் கேக்குறதையே நிறுத்திட்டான், தாயே. மறந்துட்டான்னு... நான் மறந்துட்டான்னே நினைச்சேன்."

அம்மை அந்தப் பட்டுத்துணியை எடுத்தார். கத்தியில் ஒட்டியிருந்த வெண்டைக்காய் வழவழப்பை அதில் துடைத்தார். மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

மீதி இரண்டு பாக்கெட்டுகளும் முறத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தன.

"இதை என்ன பண்ணட்டும்? இதுக்குள்ளேயும் ஒண்ணும் இருக்காதே."

அம்மை நிமிரவில்லை.

"கோமதி, கரூர் பஸ் எங்கே நிக்கும்?"

"மேல ரோட்டில் நிக்கும்மா. கையைக் காட்டினா ஏத்திக்குவான்."

தில்லைநாயகம் எழுந்தார். டப்பாவை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பாக்கெட்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரூரில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு பையன் திறந்தான்.

அதே நெற்றி. அதே விபூதி.

"யாரு வேணும்?"

தாத்தா என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

பையன் உள்ளே திரும்பிக் கத்தினான். "அப்பா, யாரோ ஒரு ஆள் வந்திருக்காரு!"

யாரோ ஒரு ஆள்.

திருமுருகன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்த நரையைப் பார்த்ததும் தில்லைநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பிள்ளைக்கு நரைக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். நலம் விசாரிக்கவில்லை. மளமளவென்று சொல்லிவிட்டார்.

"உள்ளே ஒண்ணுமில்லைப்பா. எல்லாம் ஒட்டிப்போச்சு. நான்தான் தீர்த்தம் தெளிச்சுத் தெளிச்சுக் கெடுத்துட்டேன். மூணு கிழிஞ்சுபோச்சு. இந்த ரெண்டுதான் மிச்சம். அன்னைக்கே பிரிச்சிருக்கணும். இப்பவே பிரிச்சுக்க, முருகா."

திருமுருகன் வாங்கினான். ஒன்றை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். விரலால் அந்தச் சந்தனப்பொட்டைத் தடவினான்.

பையன் அவன் கையைப் பிடித்துக் குதித்தான். "நான் பிரிக்கட்டுமாப்பா? நான் பிரிக்கட்டுமா?"

திருமுருகன் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தான்.

"இப்ப வேண்டாம். நாளைக்குப் பிரிச்சுக்கலாம்."

தில்லைநாயகத்துக்குச் சவுக்கால் அடித்த மாதிரி இருந்தது. அதே வார்த்தை. தன்னுடைய குரலிலேயே திரும்பி வந்த மாதிரி. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். தலையைக் குனிந்தபடி படியிறங்கத் திரும்பினார்.

பின்னால் மகன் உள்ளே பார்த்து மனைவியிடம் சொல்வது கேட்டது.

"நர்மதா, அரிசி கொஞ்சம் கூடப் போடு. அப்பா நாளைக்கும் இங்கேதான் இருப்பாங்க."

இன்றைக்கு விளக்கேற்றும்போது அந்தக் கரூர் வீட்டுக்காகவும் ஒரு திரி சேர்த்துப் போடுங்கள்.