நட்டாத்தூர் மாலை யார் கழுத்துக்கு?

ஒரு ஆறு இருந்துச்சாம். அந்த ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜாவாம், இந்தப் பக்கம் ஒரு ராஜாவாம். கிழக்கே இருந்தவரு கிழக்கு ராஜா, மேற்கே இருந்தவரு மேற்கு ராஜா. ஆறுதான் ரெண்டு பேருக்கும் எல்லை. கிழக்குக் கரைய ஒட்டிச் சின்னதா ஒரு ஊரு, அந்த ஊர்ல மூக்காயி மூக்காயின்னு ஒருத்தி இருந்தாளாம்.

மூக்காயிக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். பாலை மோந்து பாப்பா, மோரை மோந்து பாப்பா, ஊத்துத் தண்ணியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடத்துல மொள்ளுவா. அவ புருசன் சடையன் அதுக்கு நேர்மாறு. யாரு எது சொன்னாலும் தலையாட்டுவான். காக்கா வெள்ளைன்னு சொன்னா, "ஆமாமா, நானும் பாத்தேன், குஞ்சுகூட வெள்ளைதான்"பான். சிரிக்காதீங்க, அப்படியும் மனுசங்க உண்டு.

ஒரு ஐப்பசியில அடைமழை பிடிச்சுது பாருங்க, பேய் மழை. ஆறு பொங்கி, ஊருக்குப் பின்னால புகுந்து, புதுசா ஒரு வழி அறுத்துக்கிட்டு ஓடுச்சு. மழை விட்டு வெளிய வந்து பாத்தா, ஊருக்கு மேற்கேயும் ஆறு, கிழக்கேயும் ஆறு. மேற்கே ஓடுன பழைய ஆத்துல முழங்கால் தண்ணி. கிழக்கே புது ஆத்துல யானை முங்குற தண்ணி. அன்னையில இருந்து அந்த ஊருக்குப் பேரே நட்டாத்தூர்னு ஆகிப்போச்சு.

உடனே கிழக்கு ராஜா, "எங்க பாட்டன் காலத்து ஆறு எதுவோ அதுதான் எல்லை, ஊரு எனக்கு"ன்னாரு. மேற்கு ராஜா, "தண்ணி எதுல ஓடுதோ அதுதான் ஆறு, அதுதான் எல்லை, ஊரு எனக்கு"ன்னாரு. ரெண்டும் நியாயம் மாதிரிதான இருக்கு? அதான் வம்பே.

அறுப்புக் காலம் வந்துச்சு. கிழக்கு ராஜா ஆளுங்க வந்து, "நீங்க எங்க குடி"ன்னு நெல்ல அள்ளிட்டுப் போனாங்க. அவுங்க ஓடம் மறையுறதுக்குள்ள மேற்கு ராஜா ஆளுங்க வந்து, "நீங்க எங்க குடி"ன்னு மிச்சத்த அள்ளிட்டுப் போனாங்க. அப்புறம் மாசியில ஊருக்குள்ள காய்ச்சல் வந்துச்சு. சடையனோட ஆத்தா படுத்துட்டா. சடையன் கிழக்கே ஓடிப்போயி, "வைத்தியர அனுப்புங்க சாமி"ன்னான். "மேற்கு ராஜாவுக்கு நெல்லு குடுத்தீங்கல்ல, அங்க போயிக் கேளு"ன்னாங்க. மேற்கே ஓடுனான். "கிழக்கு ராஜாவுக்கு நெல்லு குடுத்தீங்கல்ல, அங்க போயிக் கேளு"ன்னாங்க. திரும்பி வந்து பாத்தா, ஆத்தா போயிட்டா. நெல்லுக்கு ரெண்டு ராஜா, நோவுக்கு ஒரு ராஜாவும் இல்ல.

அதனாலதான், ரெண்டு ராஜாவும் சேந்து பொதுவா ஒரு நடுவர அனுப்புறாங்கன்னு கேட்டதும் ஊரே கும்பிட்டுச்சு. வந்தவரு பேரு சாந்தலிங்கர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை, பேச்சுல தேன் ஒழுகும். "பிள்ளைகளா, நான் கிழக்குமில்ல, மேற்குமில்ல. விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்றேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு பிடி சோறு போடுங்க, போதும்"னாரு.

ஊரு சோறு போட்டுச்சு. சோத்தோட நெய்யும் போட்டுச்சு. நெய்யோட கோழியும் போட்டுச்சு. அறுப்பு வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. தீர்ப்பு மட்டும் வரல. கேட்டா, "இன்னும் விசாரிக்கணும்"பாரு.

மூக்காயி சொன்னா, "இந்தாய்யா, வழக்கு வளர வளர இந்த ஆளு தொந்தியும் வளருது பாத்தியா? வழக்கு தீந்துட்டா தொந்திக்கு யாரு சோறு போடுவா?"

"சும்மா இரு புள்ள. பெரிய மனுசங்கள அப்படிப் பேசாத"ன்னான் சடையன்.

இப்படி இருக்கையில, நடுவரு ஊர்ல ஒவ்வொருத்தரா ஆலமரத்தடிக்குத் தனியாக் கூப்பிட ஆரம்பிச்சாரு. முதல்ல ஓடக்காரன் ஒண்டிவீரனக் கூப்பிட்டாரு. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விடாத. உங்க அண்ணன் பெரியாண்டி மேற்கு ராஜாவுக்கு உளவு பாக்குறான்"னாரு. அப்புறம் பெரியாண்டியக் கூப்பிட்டாரு. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விடாத. உன் தம்பி கிழக்கு ராஜாவுக்கு உளவு பாக்குறான்"னாரு. பொழுது சாயுறதுக்குள்ள அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவுல முள்ளுவேலி எந்திரிச்சிருச்சு. ஒரே கிணத்துல அவனுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம். தெருவுல ரெண்டு பேரு நின்னு பேசுனா, மூணாவது ஆளு காதைத் தீட்டிக்கிட்டு நிப்பான்.

அப்புறம் யாரக் கூப்பிட்டாரு தெரியுமா? சடையன! "உன்கிட்ட மட்டும் சொல்றேன். உன் பொண்டாட்டிக்குப் பொறந்த வீடு கிழக்கேதானே? அவ எதுக்கு எப்பப் பாத்தாலும் ஆத்தோரமே கோரை அறுக்கப் போறா? யோசி"ன்னாரு.

அன்னைக்கு மூக்காயி கஞ்சி ஊத்தி வச்சா. சடையன் கலயத்தத் தூக்குனான். வாய்க்கிட்டக் கொண்டு போனான். நிறுத்துனான். மோந்து பாத்தான்.

அய்யோ, அவளுக்கு நெஞ்சுல நெருப்பு விழுந்த மாதிரி இருந்துச்சு. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவதான். ஆனா தான் வடிச்ச கஞ்சிய, தாலி கட்டுனவன் மோந்து பாக்கும்போது, சந்தேகம்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அருவாள எடுத்துக்கிட்டுக் கோரை அறுக்கப் போயிட்டா.

கோரைக்குள்ள குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருக்கா. நடுவரு தனியா ஒரு ஓடத்தத் தள்ளிக்கிட்டுக் கிழக்கே போறாரு. பாதி ஆத்துல வெள்ளைத் தலைப்பாகைய அவுத்தாரு. மடியில இருந்து சிவப்புத் தலைப்பாகைய எடுத்துக் கட்டுனாரு. சிவப்பு யாரு நிறம்? கிழக்கு ராஜா நிறம்! இன்னொரு நாளு மேற்கே போனாரு. பாதி ஆத்துல வெள்ளைய அவுத்தாரு, பச்சையக் கட்டுனாரு. பச்சை மேற்கு ராஜா நிறம். திரும்பி வரும்போது மடி கனக்க வந்தாரு.

வீட்டுக்கு வந்து சடையன்கிட்ட சொன்னா. "அவரு தலைப்பாகைய நீ ஏன் பாக்குற? ஆத்தோரம் உனக்கு என்ன வேலை?"ன்னு கேட்டான் அவன். சரி, இனி சொல்லிப் புண்ணியமில்ல, காட்டித்தான் ஆகணும்னு முடிவு பண்ணா.

மறுநாளு அவளே ஆலமரத்தடிக்குப் போனா. "சாமி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விடாதீங்க"ன்னா.

"சொல்லு தாயே."

"ஊருக்கு அலுத்துப் போச்சு சாமி. வர்ற வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுல, மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு ஒரு ராஜாவுக்கு மாலை போட்டுறதுன்னு பேசிக்கிறாங்க. யாருக்கு மாலையோ அவருக்குத்தான் ஊராம்."

நடுவருக்கு வேர்த்துப் போச்சு. "எந்த ராஜாவுக்கு?"

"பொம்பளைக்கு யாரு சாமி அதெல்லாம் சொல்றா?"ன்னுட்டு வந்துட்டா.

அவரு சும்மா இருப்பாரா? சிவப்பக் கட்டிக்கிட்டுக் கிழக்கே ஓடுனாரு. "மகராசா, ஊரு மேற்கு ராஜாவுக்கு மாலை போடப் போகுது"ன்னாரு. பச்சையக் கட்டிக்கிட்டு மேற்கே ஓடுனாரு. "மகராசா, ஊரு கிழக்கு ராஜாவுக்கு மாலை போடப் போகுது"ன்னாரு. ரெண்டு பக்கமும் பரிசு வாங்கிக்கிட்டு, வெள்ளையக் கட்டிக்கிட்டு ஆலமரத்தடியில வந்து உக்காந்துட்டாரு. சண்டை பெருசானா சாப்பாடும் பெருசாகும்னு கணக்கு. ஆனா ராஜாக்கள் ஆளை அனுப்பாம தாங்களே கிளம்பி வருவாங்கன்னு நினைக்கல.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. மூக்காயி அரளி மாலை ஒண்ணு கட்டிக் கோயில் வாசல்ல தொங்கவிட்டா. உச்சி வெயிலு. கிழக்கே பாத்தா ஓடம் ஓடமா சிவப்பு. மேற்கே பாத்தா பழைய ஆத்தக் கலக்கிக்கிட்டு வருது பச்சை. வேலும் வாளும் பளபளங்குது. 'அடிப்பாவி, கள்ளனப் பிடிக்கப் போயி ஊரையே கொளுத்திட்டேனோ'ன்னு நினைச்சா மூக்காயி. பிள்ளைகள அள்ளிக்கிட்டு சனம் கோயிலுக்குள்ள ஓடுது.

கிழக்கு ராஜா கத்துனாரு: "எங்கடா மாலை? என் ஊர்ல வந்து மாலை வாங்கிக்க வந்தியா?"

மேற்கு ராஜா கத்துனாரு: "நானா? நீ வாங்கப் போறேன்னுதானே நான் தடுக்க வந்தேன்!"

"நான் வாங்கப் போறேனா? நீ வாங்கப் போறேன்னுதானே நான் வந்தேன்!"

ரெண்டு பேரும் வாளை உருவிட்டாங்க. அப்பத்தான் மூக்காயி ஓடிப்போயி நடுவுல விழுந்தா. "மகராசா, வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க. உங்களுக்கு யாரு சொன்னா?"

"நடுவருதான் சொன்னாரு"ன்னாரு கிழக்கு ராஜா.

"உங்களுக்கு யாரு சொன்னா மகராசா?"

"நடுவருதான்"னாரு மேற்கு ராஜா.

வேடிக்கை பாக்க வந்து நின்ன நடுவரு மெல்ல நழுவப் பாத்தாரு, கோயில விட்டு வெளிய வந்த சனம் விடல. "பொய்! இவதான் என்கிட்ட சொன்னா!"ன்னு கத்துனாரு.

"ஆமா, நான்தான் சொன்னேன். ஒரு ராஜாவுக்கு மாலைன்னு சொன்னேன். எந்த ராஜான்னு நான் சொல்லவே இல்லையே! இவருகிட்ட அவருன்னும், அவருகிட்ட இவருன்னும் சொன்ன வாயி யாரு வாயி?"ன்னா மூக்காயி.

"நம்பலைன்னா அவரு மடியப் பிரிச்சுப் பாருங்க"ன்னு ஊரப் பாத்துச் சொன்னா. ஓடக்காரன் ஒண்டிவீரன் ஒரே இழுவையா மடியப் பிடிச்சு இழுத்தான். சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு, ரெண்டு தலைப்பாகையும் புழுதியில விழுந்துச்சு. பெரியாண்டி தம்பியப் பாத்தான், தம்பி அண்ணனப் பாத்தான். சடையன் மட்டும் தலையே நிமிரல.

"என் மண்ணுல துரோகம் பண்ணிட்டான், தலைய நான்தான் எடுப்பேன்"னாரு கிழக்கு ராஜா.

"உன் மண்ணா? என் மண்ணு, நான்தான் எடுப்பேன்"னாரு மேற்கு ராஜா.

போச்சுடா! மறுபடியும் வாளு மேல ஏறிருச்சு.

மூக்காயி சொன்னா, "மகராசா, உங்ககிட்ட குடுத்தா அவரு விடமாட்டாரு. அவருகிட்ட குடுத்தா நீங்க விடமாட்டீங்க. இவன் தின்னது எங்க சோறு, பிரிச்சது எங்க அண்ணன் தம்பிய. தீர்ப்ப எங்க ஊரே சொல்லிக்கட்டும்."

ரெண்டு ராஜாவும் யோசிச்சாங்க. அவனுக்கு விட்டுக்குடுக்குறதுக்குப் பதிலா இந்தப் பொம்பளைக்கே விட்டுக்குடுத்துறலாம்னு இவரும் நினைச்சாரு, அவரும் நினைச்சாரு. "சரி, ஊரே சொல்லட்டும்"னு வாளை உறையில போட்டாங்க.

ஊரு கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்லுச்சு. நடுவரு தலையில ஒரு முடிகூடக் குறையக் கூடாது. ஓடத்துல ஏத்தி விடணும், எந்த ராஜா ஏத்துக்கிறாரோ அந்தக் கரையில இறங்கிக்கிடலாம். அவ்வளவுதான்.

அடுத்த அறுப்புக்கு ரெண்டு ராஜாவோட ஆளுங்களும் பழையபடி வந்து நின்னாங்க. சடையன்தான் களத்துல குறுக்கால நின்னான். "அன்னைக்கு வழக்குல தீர்ப்புச் சொன்னது யாரு?"ன்னு கேட்டான்.

"நீங்கதான்"னாங்க.

"சொல்லச் சொன்னது யாரு?"

"எங்க ராஜாதான்"னு ரெண்டு பக்கமும் சொன்னாங்க.

"எந்த மண்ணுல யாரு தீர்ப்புச் சொல்றாங்களோ அவுங்களுக்குத்தான அந்த ஊரு? போயி உங்க ராஜாகிட்ட கேட்டுட்டு வாங்க"ன்னான். போனவங்க போனவங்கதான், திரும்ப வரல.

நடுவரு என்ன ஆனாருன்னு கேக்குறீங்களா? ஊருக்குக் கீழ ரெண்டு ஆறும் ஒண்ணாச் சேர்ற இடத்துல கிழக்குக் கரைக்குப் போயி, "நான் உங்க ஆளு!"ன்னாரு. "நீ மேற்கு ஆளு, போ"ன்னு ஈட்டியக் காட்டுனாங்க. மேற்குக் கரைக்குப் போயி, "நான் உங்க ஆளு!"ன்னாரு. "நீ கிழக்கு ஆளு, போ"ன்னு ஈட்டியக் காட்டுனாங்க. அப்படியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துடுப்புப் போட்டுக்கிட்டே, ஆறு இழுத்த இழுப்புக்குப் போயிட்டாரு.

ரெண்டு பேருக்கு நடுவுல கோள் மூட்டிப் பிழைக்கிறவனுக்கு நிக்க ஒரு பிடி மண்ணு கிடைக்காது. கதை கரை சேந்துருச்சு, அவன்தான் சேரல. நீங்க கண்ண மூடுங்க.