சாரி என்ற சொல்

குரு என்றால் தாடியும் ஆலமரமும் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் குருவின் பெயர் ஜெபமலர். வயது இருபத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில், காலை ஏழு மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர்.

சீடர் நல்லசிவத்துக்கு அறுபத்து மூன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தி போனில் இங்கிலீஷாகவே பொரிந்து தள்ளுகிறாள் என்று வகுப்பில் சேர்ந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகும் அவர் பெஞ்சை விட்டு எழவில்லை.

"டீச்சர், சாரின்னா என்ன அர்த்தம்?"

"முப்பது வருஷம் கண்டக்டரா இருந்துட்டு இதைக் கேக்கீங்களே அண்ணாச்சி."

"அதனாலதான் கேக்கேன். ஒரு நாளைக்கு நூறு பேர் காலை மிதிச்சிருப்பேன். நூறு பேருக்கும் சாரி சொல்லியிருக்கேன். நாளைக்கழிச்சு எம்மவ வாரா. அதே வார்த்தையை அவகிட்டயும் சொல்லலாமான்னு தெரியல."

ஜெபமலர் கையிலிருந்த டஸ்டரை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அவளை என்ன செஞ்சீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். மகள் கோமதி பத்தாவது படிக்கும்போது, ஒரு நாள் ஸ்கூல் பாஸை வீட்டில் மறந்துவிட்டு அவருடைய பஸ்ஸிலேயே ஏறினாள். பாதி வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். சொந்த மகளைச் சும்மா ஏற்றி வந்ததாகத் தெரிந்தால் வேலைக்கே வேட்டு. "யாருன்னு தெரியல சார்" என்று சொல்லி, விசில் ஊதி, அவளை நடுரோட்டில் இறக்கிவிட்டார் நல்லசிவம்.

கோமதி நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்கும் அப்பாவுக்குச் சோறு எடுத்து வைத்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"மறந்திருப்பான்னு நினைச்சேன். போன வாரம் பேத்தி சொல்லுதா, 'அம்மா தினமும் என் பஸ் பாஸை ரெண்டு தடவை எடுத்துப் பாக்கா தாத்தா'ன்னு. இங்கிலீஷ்லதான் சொன்னா. எனக்கே புரிஞ்சுட்டு."

டீச்சர் அழக் கூடாது என்று ஒரு எண்ணம் ஜெபமலருக்கு. அதனால் குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டார்.

"தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"கண்ணாடி முன்னால நின்னு, 'மன்னிச்சிரும்மா'ன்னு சொல்லிப் பாத்தேன். சரியா வரல."

"எப்படி வரும்? வெயில்ல நடந்தது யாரு?"

"அவதான்."

"மன்னிக்க வேண்டியது?"

"அவதான்."

"நடந்தவளும் அவ. மன்னிக்கிற வேலையும் அவளுக்கா?"

நல்லசிவம் யோசித்தார். "பொறுத்துக்கோம்மான்னு கேட்டா?"

"இவ்வளவு நாளும் பொறுத்தது யாரு அண்ணாச்சி?"

ஜெபமலர் எழுந்து அவர் பக்கமாக வந்தார். வந்தவர் அவர் கால் பெருவிரலை நன்றாகவே மிதித்தார். மிதித்ததும் கை தன்னால் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனது. அடக்கிக்கொண்டு, "சாரி" என்றார்.

"பரவால்ல டீச்சர்."

"வலிச்சுதா?"

"லேசா."

"எனக்கு வலிக்கல. அப்ப நான் சொன்னது பொய்."

நல்லசிவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "துக்கத்துக்குச் சாரோன்னு சொல்லிக் குடுத்தீங்களே. அதுல இருந்து வந்ததா இது?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. ரெண்டும் பாக்க அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஆனா பிறந்த வீடு வேற. சோர்னு ஒரு சொல் இருக்கு. புண்ணு, வலி. சாரி அதுல பிறந்தது. எனக்குப் புண்ணா இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான். கேக்கிறவங்களுக்கு அதுல ஒரு வேலையும் கிடையாது."

"அப்ப இங்கிலீஷ்காரன் எல்லாம் புண்ணோடயா அலையுதான்?"

"அவனும் மறந்துட்டான். உங்களை மாதிரி, காலை மிதிச்சாதான் சொல்லுதான்."

நல்லசிவம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அவளை இறக்கிவிட்ட இடம் வந்தா, நான் வெளியே பாக்க மாட்டேன் டீச்சர். ரிட்டயர் ஆகுற நாள் வரைக்கும் பாக்கல. டிக்கெட்டு கட்டை எண்ணுத மாதிரி குனிஞ்சிக்கிடுவேன்."

"இது கோமதிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க."

திங்கட்கிழமை ஆறரை மணிக்கே நல்லசிவம் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். ஜெபமலர் சாவியை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். தமிழ்லதான். 'அந்த இடம் எனக்கு இன்னும் வலிக்கும்மா'ன்னேன். குனிஞ்சிக்கிடுததையும் சொன்னேன்."

"கோமதி என்ன சொன்னா?"

"சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருந்தா. கையை நிறுத்தல. இன்னும் நாலு உரிச்சுட்டு, 'எனக்கும் வலிக்குப்பா'ன்னா. மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல. பக்கத்துல உக்காந்து ரெண்டு பேருமா உரிச்சோம். கண்ணு எரியுதுன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டோம்."

கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். நல்லசிவம் நோட்டை விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எனக்கும் வலிக்குப்பான்னு அவ சொன்னாளே, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்? எழுதி வச்சுக்கிடுதேன்."

ஜெபமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கும் சாரிதான் அண்ணாச்சி."